படகில் கயிறு கிடையாது

ரூசியானே படகுத்துறை,
ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை மாலை.

அன்பும் பொறுமையும் மிக்க என் மைத்துனன் லெஷெக்கிற்கு, உன் அக்கா போக்னாவின் கணவன் யூலியன் எழுதிக்கொள்வது. நெற்றியில் ஒரு வீக்கம், வலது உள்ளங்கையில் தோல் உரிந்தது, உடம்பெல்லாம் கொசுக்கடி, இவை நீங்கலாக நான் நலம். உன் அக்கா நலத்துக்கும் ஒரு படி மேலே. நீ பெரிய மனதோடு ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்த உன் படகு ‘வாத்து’வும் நலம், அதன் வயிற்றில் ஒரு கீறல் விழுந்திருப்பதாக யாராவது உன்னிடம் சொன்னால் அது முன்பே இருந்தது என்று நினைத்துக்கொள். டோருனில் நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றும், உன் முழங்கால் மழை வருவதை இன்னும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது என்றும் நம்புகிறேன்.

இதை போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். எட்டு மீட்டர் நீளமுள்ள படகில் ஒருவன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் போனில் என்ன பேச முடியும் மச்சான்? அந்தப் படகில் நான் மனதுக்குள் நினைத்ததே இரண்டு முறை அவளுக்குக் கேட்டுவிட்டது. நான் குளிக்கப் போயிருக்கிறேன் என்றுதான் இப்போது உன் அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள். துறைமுகக் குளியலறைக் கதவைத் திறக்கக் காசு மாதிரிப் போடவேண்டிய வில்லை என் சட்டைப்பையில் அப்படியே கிடக்கிறது. நான் துறைமுகச் சாப்பாட்டுக் கடையில், ஒரு தட்டு வறுத்த ஏரிமீனுக்கு முன்னால் உட்கார்ந்து, கடைக்காரியிடம் வாங்கிய தாளில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் தக்காளித் தோட்டத்தை நீதான் காப்பாற்ற வேண்டும். ஈஸ்டர் சாப்பாட்டின்போது, முட்டையை உரித்துக்கொண்டே, படகை விற்கப் போகிறேன் என்று வாய்தவறிச் சொன்னாயே, அன்று பிடித்தது எனக்குச் சனி. ஓல்ஷ்டினில் ஒரு பல் டாக்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னாய். பல் டாக்டர் எதற்கு, நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று அன்று ராத்திரியே உன் அக்கா ஆரம்பித்துவிட்டாள். எதை வைத்து என்று கேட்டேன். தோட்டத்தை விற்று என்றாள். ஊர்க்கோடியில் அந்தத் தோட்டத்துக்கு நான் எத்தனை வருஷம் மண் சுமந்தேன் என்று உனக்குத் தெரியும். அதிலிருக்கும் கொட்டகையின் ஒவ்வொரு பலகையும் நான் அடித்தது. என் தக்காளியை நீயும் தின்றிருக்கிறாய். உப்பே வேண்டாம் என்று சொன்ன வாய் அது. நான் முடியாது என்றேன். அவள் சண்டை போடவில்லை. “ஒரு வாரம் ‘வாத்து’ல போயிட்டு வருவோம் யூலெக். கடைசி நாள் நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, இந்தப் பேச்சை நான் இனிமே எடுக்கவே மாட்டேன்,” என்றாள். ஒரே ஒரு வார்த்தை, அதையும் ஒரு வாரம் கழித்துச் சொன்னால் போதும். இதைவிட லாபமான ஒப்பந்தம் என் ஆயுளில் கிடைத்ததில்லை என்று சம்மதித்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, அதை நான் நிஜமான தண்ணீரிலேயே செய்தேன்.

நாளைதான் அந்தக் கடைசி நாள். அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடியாது போலிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். அது ஏன் அப்படி ஆயிற்று என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

எங்கள் வூட்ஜ் நகரத்தின் பெயருக்கே படகு என்றுதான் பொருள். ஊர் முத்திரையிலும் படகு இருக்கிறது. ஆனால் ஊரில் ஓடிய சிற்றாறுகளை எல்லாம் எந்தக் காலத்திலோ மூடி மேலே தெரு போட்டுவிட்டார்கள். அந்தத் தெருவில் தண்டவாளம் போட்டார்கள். அந்தத் தண்டவாளத்தில் நான் ஓய்வுபெறும் வரை டிராம் ஓட்டினேன். டிராமில் திருப்புவது என்ற வேலையே கிடையாது மச்சான். போ, நில், மணி அடி, அவ்வளவுதான். எங்கே திரும்புவது என்பதைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்டவனை உன் படகின் பின்பக்கம் உட்காரவைத்து, சுக்கானோடு சேர்ந்த அந்த நீளக் கட்டையை என் கையில் கொடுத்து, இதற்கு ரும்பெல் என்று பெயர், இதை இடதுபக்கம் தள்ளினால் படகு வலதுபக்கம் போகும் என்றாள். யாரோ தப்பாகப் பூட்டிவிட்டார்கள், துறைமுகத்தில் சொல்லிச் சரிசெய்துகொண்டு வருவோம் என்றேன் நான். நியாயமாகத்தான் சொன்னேன். பக்கத்துப் படகுக்காரர்கள் சிரித்தார்கள். பிரேக் எங்கே என்று அடுத்து கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

அதைவிடப் பெரிய வம்பு வார்த்தைகளால் வந்தது. படகில் ஏறிய உடனே, காலில் சிக்கிய ஒன்றைக் காட்டி, இந்தக் கயிற்றை எங்கே வைப்பது என்று கேட்டேன். உன் அக்காவின் முகம் மாறியது. படகில் கயிறு என்று எதுவும் கிடையாது, அந்தச் சொல்லைச் சொன்னவன் அன்று பாத்திரம் கழுவ வேண்டும் என்பது சட்டம் என்றாள். நான் சுற்றிலும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் கயிறுதான். பாயை மேலே ஏற்றும் கயிற்றுக்கு ஃபவ். ஏற்றிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்கு ஷோட். கரையில் கட்டும் கயிற்றுக்கு ட்சுமா. பாய்மரத்தை முன்னாலிருந்து தாங்குகிற கம்பிக்கு ஷ்டாக். பாயின் அடியில் கிடக்கும் அந்தப் படுக்கைக் கட்டையைத் தொங்கவிடாமல் மேலிருந்து பிடித்திருக்கிற கயிற்றுக்கு டோபெனான்டா. கேட்டால் யாரோ ஒரு பணக்கார அத்தை பெயர் மாதிரி இருக்கிறது. இத்தனையும் ஒரே கடையில் ஒரே சுருளிலிருந்து வெட்டி வாங்கியவை என்று உனக்கும் எனக்கும் தெரியும். ஒரே ஆள் ஒருவனுக்கு மச்சான், இன்னொருவனுக்கு மாமா, மூன்றாமவனுக்குச் சம்பந்தி என்கிற கதைதான் இது. சமையலறையைச் சமையலறை என்று சொல்லக் கூடாது, அது கம்பூஸ். அது அலமாரி அளவுதான் இருக்கிறது, அதில் நின்றபடி சமைக்க முடியாது, குனிந்தபடி மூச்சுவிட முடியாது, ஆனாலும் பேர் மட்டும் பெத்த பேர். படகின் அடிவயிற்றிலிருந்து தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பலகைக்கு வாளாம். கரைப்பக்கம் ஒதுங்கும்போது உன் அக்கா “வாளைத் தூக்கு!” என்று கத்துவாள். முதல் தடவை கேட்டபோது நான் கையை மேலே தூக்கிக்கொண்டு நின்றேன்.

முதல் மூன்று நாள் பாத்திரம் கழுவியது நான்தான். நாலாம் நாளும் நான்தான். ஆனால் அன்று நான் அந்த வார்த்தையைத் தூக்கத்தில் சொன்னதாக உன் அக்கா சாட்சி சொன்னாள், அதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். என்னைக் கவிழ்த்தது இன்னொரு சட்டம். அதை உனக்குச் சொல்லவே வேண்டாம், உன் படகில் அதைப் பலகையில் எழுதியே மாட்டியிருக்கிறாய். ஆனாலும் அது எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று கேள். துறையை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், முன்பாயின் ஷோட்டை இழு என்றாள். நான் வழக்கம்போல ‘ம்’ என்றேன். அவள் ரும்பெல்லை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“‘ம்’னா என்ன?”

“சரின்னு அர்த்தம். முப்பத்தெட்டு வருஷமா அதுதானே அர்த்தம்.”

“படகுல ‘ம்’ செல்லாது யூலெக். நான் சொன்னதை அப்படியே வாய்விட்டுத் திருப்பிச் சொல்லணும், அதுக்கப்புறம் செய்யணும். திருப்பிச் சொல்லாத கட்டளை கட்டளையே இல்ல. நான் சொல்லாத மாதிரிதான் கணக்கு.”

காற்றில் பாதி வார்த்தை போய்விடும், கேட்டவன் ஒன்றைக் கேட்டுக்கொண்டு இன்னொன்றைச் செய்வான், அதனால் ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்று காரணமும் சொன்னாள். வீட்டில் நான் நாளுக்கு நூறு ‘ம்’ சொல்கிறேன், இதுவரை ஒருத்தரும் சாகவில்லையே என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து இந்த ஏரிகளில் என் குரல்தான். “முன்பாய் ஷோட்டை இழு!” “முன்பாய் ஷோட்டை இழுக்கிறேன்!” “ட்சுமாவை அவிழ்!” “ட்சுமாவை அவிழ்க்கிறேன்!” “தலையைக் குனி!” “தலையைக் குனி…” இந்த வீக்கம் அப்போது வந்ததுதான். திருப்பிச் சொல்லி முடிக்கும் வரை குனியக் கூடாது என்று நான் நினைத்துக்கொண்டேன். படகு திரும்பும்போது குறுக்கே வீசி வந்த அந்தப் படுக்கைக் கட்டை அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை.

இன்னொன்று. கிழக்கே நேராக ஒரு ஊர் தெரிகிறது, தேவாலயக் கோபுரம் தெரிகிறது, அங்கே ஐஸ்கிரீம் விற்கிறவன்கூடத் தெரிகிறான். ஆனால் காற்று அங்கிருந்து வருகிறது என்பதற்காக நேராகப் போகாமல் வடக்கே கொஞ்சம், தெற்கே கொஞ்சம் என்று மதியம் முழுக்க இழுத்தடித்தாள். என் டிராமை நான் அப்படி ஓட்டியிருந்தால் பயணிகள் என்னை இறக்கிவிட்டு அவர்களே ஓட்டியிருப்பார்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கட்டளை, ஒவ்வொரு கட்டளைக்கும் என் எதிரொலி. கரையிலிருந்த வாத்துக் கூட்டம் ஒன்று, நிஜ வாத்துகளைச் சொல்கிறேன், கடைசியில் எங்கள் பின்னாலேயே வர ஆரம்பித்துவிட்டது.

பாலத்தடியில் நடந்ததை வேறு யாராவது உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கால்வாய்ப் பாலம் தாழ்வு, பாய்மரத்தைச் சாய்த்துத்தான் போக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். எங்களுக்குப் பின்னால் படகுகள் வரிசையாக நின்றன. பாலத்தின் மேலே ஜனங்கள் கையில் கிரீம் வைத்த வாஃபிள் அப்பத்தோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு வேறு என்ன வேலை, அங்கே ஒரு சீசன் முழுக்க என்னைப் போன்றவர்களைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. அக்கா முன்னால் போய் ஷ்டாக் பக்கம் நின்றுகொண்டு, நான் சொல்லும்போது பின்னாலிருக்கும் ஷோட்டைத் தளர்த்து என்றாள். நான் கணீரென்று, பாலத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, ஷோட்டைத் தளர்த்துகிறேன் என்று திருப்பிச் சொன்னேன். சொன்னதெல்லாம் சரி. தளர்த்தியது அந்தப் பணக்கார அத்தையை. டோபெனான்டா அவிழ்ந்ததும் படுக்கைக் கட்டை பொத்தென்று இறங்கி, மதியச் சாப்பாட்டுக்குத் திறந்த பின்தளத்து மேஜைமேல் எடுத்து வைத்திருந்த முட்டைக்கோஸ் கறிச் சட்டியின் நடுவே உட்கார்ந்தது. பாலத்தில் கைதட்டினார்கள். மேலேயிருந்து ஒரு கிழவர், “மாமாக்கு உப்பு பார்க்கத் தெரியலம்மா, கட்டையை வெச்சுப் பார்க்கறாரு!” என்றார். பெரியபாயில் இன்னும் கறி வாசனை இருக்கும். அதற்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நியாயமாக அவள் அன்று என்னைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. பாலத்தைக் கடந்ததும் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நான் பாயிலிருந்து முட்டைக்கோஸை எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மச்சான், அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தேன், ஞாபகத்துக்கு வரவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து, கால் வீங்கி, கட்டிலில் உட்கார்ந்து மாத்திரைப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பவள்தான் எனக்குத் தெரிந்த போக்னா. இங்கே வெயிலில் கறுத்து, தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு படகின் நுனிக்குப் போய் ஒற்றைக் கையால் பாயைச் சுருட்டுகிறவளை எனக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை. இவளை நீங்கள் எல்லோரும் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?

இனி புதன்கிழமை. அன்று காலை ஷ்னியார்ட்வி ஏரியில் காற்றே இல்லை. ஏரி தட்டில் ஊற்றிவைத்த சூப் மாதிரி கிடந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். காற்று இல்லாவிட்டால் கட்டளை இல்லை, கட்டளை இல்லாவிட்டால் எதிரொலி இல்லை. அந்தச் சந்தோஷத்தில் கம்பூஸில் காபி போட்டுக்கொண்டே மெதுவாக விசில் அடித்துவிட்டேன். படகில் விசில் அடித்தால் காற்றைக் கூப்பிட்டதாக அர்த்தம் என்று அவள் முதல் நாளே எச்சரித்திருந்தாள். நான் நம்பவில்லை, இப்போதும் நம்பவில்லை, ஆனாலும் நான்தான் விசில் அடித்தேன் என்று நீ அவளிடம் சொல்லிவிடாதே. மத்தியானத்துக்குள் கரையிலிருக்கும் எச்சரிக்கைக் கம்பத்தின் மஞ்சள் விளக்கு மின்ன ஆரம்பித்தது. மெதுவாக மின்னினால் ஜாக்கிரதை, வேகமாக மின்னினால் ஓடு என்று அவள் சொல்லித்தந்திருந்தாள். அது மெதுவாகத் தொடங்கி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேகம் பிடித்தது.

மேற்கே வானம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. பிறகு காற்று வந்தது மச்சான். நான் அதை வருணிக்கப் போவதில்லை, உனக்குத் தெரியாததா. கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள்; வைப்பதற்கு எனக்குக் கை காலியாக இல்லை. ரும்பெல்லை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் முன்னால் ஊர்ந்து போனாள். காற்றுக்கு நேரே பிடி என்றாள். காற்றுக்கு நேரே பிடிக்கிறேன் என்றேன். பெரியபாயின் ஃபவ்வை விடு என்றாள். ஃபவ்வை விடுகிறேன் என்றேன், ஒரு கையால் விடவும் செய்தேன், இந்த முறை சரியானதையே விட்டேன். உள்ளங்கைத் தோல் அதோடுதான் போயிற்று. பாய் கீழே வந்து அவள்மேல் விழுந்தது. மழையில் அவள் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. ஒவ்வொரு குரலுக்கும் நான் தொண்டை கிழியத் திருப்பிச் சொன்னேன். அப்போதுதான் புரிந்தது, நான் திருப்பிச் சொல்வது எனக்காக இல்லை. நான் இன்னும் படகில்தான் இருக்கிறேன் என்பது அவளுக்கு அதனால்தான் தெரிகிறது. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லாதபோதும் நான் எதையாவது கத்திக்கொண்டே இருந்தேன். டிராம் நிறுத்தங்களின் பெயர்களை வரிசையாகக் கத்தினேன் என்று அவள் சொல்கிறாள். இருக்கலாம்.

நாணல் பக்கம் திருப்பு என்றாள், திருப்பினேன், சரியான பக்கம்தான். வாளைத் தூக்கு என்றாள். இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை, வாளைத் தூக்கினேன். ‘வாத்து’ நாணலுக்குள் சரசரவென்று நுழைந்து நின்றுவிட்டது. கீறல் அங்கே விழவில்லை, முன்பே இருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்தோம். மழை மேல்தளத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் போர்வையை எடுத்து அவள்மேல் போட்டேன். அவள் என்னைப் பார்க்காமலேயே, மெதுவாகச் சொன்னாள்.

“ரொம்பப் பயந்துட்டேன்.”

என் வாய் பழக்கதோஷத்தில் திறந்துகொண்டது. “ரொம்பப் பயந்துட்டே!” என்று அந்தச் சின்ன அறையே அதிரும்படி கட்டளைக் குரலில் திருப்பிச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது கட்டளை இல்லை என்று உறைத்தது.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். “உன்னைத் தண்ணில விட்டுடுவேனோன்னு பயந்தேன்.”

“என்னைத் தண்ணில விட்டுடுவியோன்னு பயந்தே,” என்றேன், இப்போது கொஞ்சம் சின்னக் குரலில்.

“பொண்ணா இருந்தப்ப வருஷா வருஷம் இங்க வருவேன். கல்யாணத்துக்கப்புறம் ஒரு தடவைகூட வரல. நாலு தடவை உங்கிட்ட கேட்டேன். நாலு தடவையும் ‘ம்’ன்னே.”

அதையும் திருப்பிச் சொன்னேன் மச்சான். நாலு தடவை கேட்டே, நாலு தடவையும் ‘ம்’ன்னேன். அவள் கேட்டது எனக்கு ஒரு தடவைகூட ஞாபகமில்லை. ஆனால் கேட்டிருப்பாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அன்று சாயங்காலம் வரை அவள் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், நான் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மழை நின்றதுகூடத் தெரியவில்லை.

இப்போது உனக்கு என் சங்கடம் புரியும். இதற்குப் பிறகு நாளைக் காலையில் அவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாவிட்டால் என் தோட்டம் போய்விடும். பக்கத்துத் தோட்டத்துப் பிலார்ஸ்கி என் செர்ரி மரத்தின்மேல் எத்தனை வருஷமாகக் கண் வைத்திருக்கிறார் தெரியுமா? ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக நிற்கிறேன். நடந்ததெல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் தக்காளி தக்காளிதானே. இந்நேரம் அவை பழுத்துத் தொங்கிக்கொண்டிருக்கும், தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஆகவே உன் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்: இந்தக் கடிதம் கிடைத்த உடனே உன் அக்காவுக்கு போன் செய்து, படகை அந்தப் பல் டாக்டருக்குக் கொடுத்தாயிற்று, மன்னித்துக்கொள் அக்கா என்று சொல்லிவிடு. கடிதம் வருவதற்குள் நாளை போய்விடுமே என்று யோசிக்காதே; வயிற்றுவலி என்று சொல்லி இரண்டு நாள் நான் சமாளித்துக்கொள்கிறேன். அவள் வருத்தப்படுவாள். என்மேல் வருத்தப்படாமல் உன்மேல் வருத்தப்படட்டும். நீ தம்பி, உன்னை மன்னித்துவிடுவாள். இந்த உதவியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், வருஷந்தோறும் ஒரு கூடைத் தக்காளி உன் வீட்டுக்கு வரும்.

உன் மனைவிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். எல்லாம் வல்ல கடவுள் உன் முழங்காலைக் காப்பாராக. நீ எங்கே மிதந்தாலும் வாளுக்குக் கீழே ஓரடித் தண்ணீர் மிச்சமிருக்கட்டும். கரைக்கு வரும்போதெல்லாம் கட்ட ஒரு கம்பமும் கூப்பிட ஒரு குரலும் இருக்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்காவின் கணவன்,
யூலியன்.

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு திரும்பவும் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதைப் படித்துவிட்டாய் என்றால் மறந்துவிடு. நான் மீனைத் தின்று முடிப்பதற்குள் உன் அக்கா கடைக்கு வந்துவிட்டாள். நான் குளிக்கவில்லை என்பது அவளுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. கடிதத்தைத் தட்டுக்கு அடியில் தள்ளினேன், அவள் கவனிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்துக்கொண்டு, “யோசிச்சுப் பார்த்தேன் யூலெக். உன் தோட்டத்தை விக்க வேண்டாம். படகு வேண்டாம். லெஷெக்குகிட்ட நானே சொல்லிடறேன்,” என்றாள். நான் ஆசைப்பட்டது அப்படியே என் மடியில் வந்து விழுந்தது. திருப்பிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதில் ஒரு துண்டு மீனைப் போட்டு மூடிக்கொண்டேன்.

“கேட்டுச்சா?” என்றாள்.

“கேட்டுச்சு, கேப்டன்.”

“அப்ப திருப்பிச் சொல்லு.”

“மாட்டேன்.”

அவள் இரண்டாம் தடவை சொன்னாள். நான் மீன் தின்றேன். மூன்றாம் தடவை சொல்லும்போது அவள் குரல் சரியாக இல்லை, மூக்கும் சிவந்திருந்தது. நான் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பிச் சொல்லாத கட்டளை கட்டளையே இல்லை, சொல்லாத மாதிரிதான் கணக்கு. சட்டம் நான் போட்டதில்லை, உன் படகிலேயே எழுதி மாட்டியிருக்கிறது. ஆகவே அந்தப் பல் டாக்டரிடம் படகு கிடையாது என்று இது கிடைத்த அன்றைக்கே சொல்லிவிடு. பிலார்ஸ்கியிடம் நானே பேசிக்கொள்கிறேன். செர்ரி மரத்தைப் பார்த்ததும் ஆள் மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார். இரண்டு தொட்டித் தக்காளியைப் படகின் பின்பக்கம் வைத்துக்கொள்ள அக்கா சம்மதித்துவிட்டாள். அதற்கும் ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கிறாள், நான் இன்னும் மனப்பாடம் செய்யவில்லை.

கடைசியாக ஒன்று. மேலே பல இடங்களில் கயிறு என்று எழுதிவிட்டேன். படகில் கயிறு கிடையாது. நீயே திருத்திப் படித்துக்கொள். இந்த வரியில் எழுதியதற்கும் சேர்த்து இன்று பாத்திரம் நான்தான் கழுவுகிறேன்.